படையிலிருந்து தறிக்கு: தானா ராத்தாவில் மறைந்த ஜிம் தாம்ஸன்

மாந்தர் சிலரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் வாழ்ந்த வாழ்வைவிட மறைந்த முறையையே உலகம் பெரிதாகப் பேசுகிறது. மலேசிய நாட்டுப் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா என்னும் ஊரில், 1967-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் பிற்பகலில் காணாமற்போன ஜிம் தாம்ஸன் அத்தகையோருள் ஒருவர். அவர் எங்கே போனார் என்று கேட்போர் பலர். அவர் என்ன செய்தார் என்று கேட்போர் சிலரே. அமெரிக்கப் படையில் அதிகாரியாயிருந்து, போர் ஓய்ந்தபின் தறிக்கும் சாயத்துக்கும் வழிசொல்லும் தொழில்நுட்ப ஆலோசகராக மாறி, நலிந்துகொண்டிருந்த நெசவுத் தொழில் ஒன்றை உலகச் சந்தையில் ஏற்றியவர் அவர். அவ்வாழ்வை நினைவுகூர்வதும், அதனை எந்த அளவுகோலால் அளப்பது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மலையும்

'தானா' என்றால் மலாய் மொழியில் நிலம். 'ராத்தா' என்றால் சமம். மலைகளின் நடுவே சமநிலமாக அமைந்தமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ளது. 1885-இல் பிரிட்டிஷ் அரசின் நில அளவையாளரான வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆயினும் அதற்குப்பின் நாற்பது ஆண்டுகள் இந்நிலம் பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் என்பார் மலையேறி வந்து, இதனைக் குளிர்வாழ் நகராக்கலாம் என்று கருதினார். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் சாலை 1931-இல் முடிந்தது.

சாலை முடியுமுன்னரே தேயிலை வந்துவிட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நீராவி உருளை ஒன்று, கோவேறு கழுதைகள் சில, தொழிலாளர் கைகள் பல. இவையே அன்றிருந்த கருவிகள். அக்கைகளில் மிகப் பல தமிழ்க் கைகள். கங்காணி வழியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் செங்குத்தான சரிவுகளில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளினர். அவர்கள் கட்டிய கோயில்களும், அவர்தம் மக்கள் பயின்ற தமிழ்ப்பள்ளிகளும் இன்றும் அம்மலையில் உள்ளன. பின்னாளில் வேற்று நாட்டுத் தொழிலாளரும் அங்கு வந்து சேர்ந்தனர். உலகம் முழுதும் அறிந்த ஒரு மனிதர் காணாமற்போன மலை, உலகம் அறியாத பல்லாயிரவர் உழைத்து உருவாக்கிய மலை என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இதன் பயன் கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

பிறப்பும் பயிற்சியும்

ஜேம்ஸ் ஹாரிசன் வில்சன் தாம்ஸன் என்பது அவருடைய முழுப்பெயர். 1906 மார்ச்சு 21-இல், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக் கிரீன்வில் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் துணி உற்பத்தித் தொழிலர். தாயாரின் தந்தையோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலக் குதிரைப்படையை நடத்திய தளபதி. அவர் பெயரே பேரனுக்கும் இடப்பட்டது. தந்தை வழியில் நெசவு, தாய் வழியில் படை. பிற்கால வாழ்வின் இரு கூறுகளும் பிறந்த வீட்டிலேயே அருகருகே இருந்தன.

ஆனால் இளமையில் அவர் நாடியது இவ்விரண்டையும் அன்று. 1928-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் படிப்பை முடித்தபின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். பட்டம் பெறுமுன்னரே வெளியேறினார். 1931 முதல் 1940 வரை நியூயார்க்கு நகரில் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தார். வடிவத்தையும் நிறத்தையும் அளவையும் கூர்ந்து நோக்கும் கண் அக்காலத்திற்றான் அவருக்கு அமைந்தது. முப்பத்து நான்கு வயது வரை, பெரிதாக எதையும் சாதித்தவர் என்று அவரைச் சொல்ல இயலாது.

படைத்துறையில்

இரண்டாம் உலகப்போர் அவர் வாழ்வைத் திருப்பியது. டெலவேர் மாநிலக் காவற்படையிற் சேர்ந்த தாம்ஸன், பின்னர் அமெரிக்காவின் போர்க்கால உளவுத் துறையாகிய ஓ.எஸ்.எஸ். அமைப்பிற்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் பணியாற்றினார். 1945 மே மாதம் ஜெர்மனி பணிந்தது. உடனே அவரை இலங்கைக்கு மாற்றினர். ஜப்பானியர் பிடியிலிருந்த சயாமில் 'சேரி தாய்' என்னும் விடுதலை இயக்கத்தார் மறைவாக இயங்கிவந்தனர். அவர்களுக்குத் துணையாக அவரைச் சயாமுக்குள் அனுப்ப ஏற்பாடாகியிருந்த தறுவாயில், ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானும் பணிந்தது. போரிடச் செல்லவிருந்தவர் போர் முடிந்தபின் பாங்காக்கு நகரை அடைந்து, அங்கே தம் துறையின் அலுவலகத்தை ஒழுங்கு செய்தார்.

உளவுத்துறை அதிகாரிக்குரிய திறன்கள் யாவை? அறியாத ஊரில் அறிந்தவரைத் தேடிப் பிடித்தல். சிதறிக் கிடப்போரை ஒரு நோக்கத்தின்கீழ் இணைத்தல். கேட்டதையும் கண்டதையும் ஒப்பிட்டு உண்மை காணுதல். குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயன் பெறுதல். இத்திறன்கள் அனைத்தும் பின்னர் நெசவாளர் குடியிருப்பில் அவருக்குப் பயன்பட்டன. ஆதலின் அவருடைய படைவாழ்வையும் தொழில்வாழ்வையும் தொடர்பில்லாத இரண்டாகக் கருதுதல் பொருந்தாது.

தாம்ஸன் வந்திறங்கிய சயாம், மலாயாத் தமிழருக்கு வேறொரு நினைவைத் தரும் நாடு. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பெருந்தொகையாகக் கொண்டுசென்றனர். காய்ச்சலாலும் கழிச்சலாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். அதே பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கோ அத்தகைய பெயர் வரிசை இல்லை. ஒரே நாடு, ஒரே போர். நினைவு மட்டும் வெவ்வேறு.

சயாமின் பட்டு

சயாம் தமிழர்க்குப் புதிய நாடன்று. அந்நாட்டு மேற்குக் கரையில் தக்குவா பா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் பெயரால் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவினரின் பாதுகாப்பிலும் சேனாமுகத்தாராகிய படைக்குடியினரின் பாதுகாப்பிலும் விடப்பட்டதையும் கூறுகிறது. வணிகரும் படையினரும் தொழிலறிவும் ஒன்றாகக் கடல் கடப்பது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்பதற்கு இது சான்று.

அந்நாட்டுப் பட்டு நெசவும் பழமையானதே. வடகிழக்குச் சயாமில் உழவர் வீட்டுப் பெண்டிர் பட்டுப்பூச்சி வளர்த்து, கூட்டிலிருந்து நூல் இழுத்து, தம் வீட்டுத் தறியில் நெய்துவந்தனர். கையால் இழுத்த அந்நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அதனால் துணியில் ஒருவகை மேடுபள்ளமும், ஒளி பட்டால் நிறம் மாறித் தோன்றும் மினுக்கமும் உண்டு. ஆனால் அளவு சீராயிராது. சாயம் வெயிலுக்கும் நீருக்கும் நில்லாது. ஆலையில் நெய்த அயல்நாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது, வீட்டுத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

இந்நிலையை மாற்ற அரசும் ஒருமுறை முயன்றது. சூலலங்கரண மன்னர் காலத்தில், 1902-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைவரான தோயாமா கமெத்தாரோ, சயாம்ப் பூச்சியையும் ஜப்பானியப் பூச்சியையும் கலந்து வளர்த்து ஆராய்ந்தார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட மரபு விதிகள் பட்டுப்பூச்சிக்கும் பொருந்தும் என்று அவர் 1906-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உயிர்நூல் வரலாற்றில் இடம்பெற்றது. அறிவியலுக்குப் பெரும்பயன் விளைந்தது. சயாம் உழவருக்கோ எதிர்பார்த்த பயன் விளையவில்லை. வல்லுநர் பணி சில ஆண்டுகளிலேயே ஒடுங்கியது. வல்லுநர் சொல்வதைச் செய்தால் மிகுதியாக விற்கும் என்னும் உறுதி உழவனுக்கு இல்லாவிடின், அவன் பழைய வழியை விடமாட்டான்.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் இங்கு வளர்த்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சேலத்தில் நெசவுச்சாலை அமைத்து, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைப் பரப்ப முயன்றார். தறி விரைவாக ஓடியது. ஆனால் வீட்டில் தன் விருப்பம்போல் நெய்துவந்தவன், மணியடித்தால் சாலைக்கு வரவேண்டும் என்னும் ஒழுங்குக்கு இசையவில்லை. 1910-இல் இந்திய மந்திரி மார்லி பிரபு அரசின் தொழில் முயற்சிகளுக்கு இலண்டனிலிருந்து தடை விதித்தார். கருவி நல்லதாயிருப்பது மட்டும் போதாது. அது எந்த வாழ்க்கை முறைக்குள் புகுத்தப்படுகிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்பதையே சேலமும் சயாமும் உணர்த்தின.

பான் குருவா

1946-இல் படையிலிருந்து விலகிய தாம்ஸன் பாங்காக்கிலேயே தங்கினார். முதலில் ஓரியண்டல் ஓட்டலைப் புதுப்பிக்கும் முயற்சியில் நண்பர்களோடு சேர்ந்தார். கருத்து வேற்றுமையால் அது நிலைக்கவில்லை. அதற்கிடையே பழைய பட்டுத்துணிகளைத் தேடித் திரட்டினார். இன்னும் நெய்வோர் உளரா என்று தேடியபோது, நகருக்குள்ளேயே, சென் சேப் கால்வாய்க் கரையிலுள்ள பான் குருவா என்னும் குடியிருப்பைக் கண்டார்.

பான் குருவா மக்கள் சாம் இனத்தார், இசுலாமியர். இன்றைய வியட்நாமின் பகுதியாகிய பழஞ் சம்பா நாட்டு வழியினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மியரோடு நிகழ்ந்த போரில் முதலாம் இராம மன்னரின் பக்கம் நின்று பொருதமைக்காக அவர்களுக்கு அந்நிலம் வழங்கப்பட்டது என்பர். படைக்குடியாக வந்து நெசவுக்குடியாக மாறியவர்கள் அவர்கள். அவர்களிடம் சென்ற தாம்ஸனும் படையை விட்டுத் தறியை நாடியவர். இவ்வொற்றுமை தற்செயலே எனினும் நினைக்கத்தக்கது.

1947-இல் அவர்களிடம் பெற்ற துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு தாம்ஸன் நியூயார்க்கு சென்றார். 'வோக்' என்னும் புகழ்பெற்ற உடையழகு இதழின் ஆசிரியராகிய எட்னா உல்மன் சேஸ் அம்மையார் அத்துணியைக் கண்டு வியந்து ஆதரவளித்தார். சந்தை உண்டு என்பது உறுதியான பின்னரே அவர் தறியைத் திருத்தத் தொடங்கினார். தோயாமா வழியிலும் சாட்டர்டன் வழியிலும் தொழில்நுட்பம் முன்னே சென்றது. சந்தை பின்னே வரும் என்று நம்பப்பட்டது. தாம்ஸன் வழியில் சந்தை முன்னே சென்றது. தொழில்நுட்பம் அதன் தேவைக்கேற்ப வந்தது. அவர் வெற்றிக்கு முதற் காரணம் இதுவே.

சாயமும் தறியும்

1948-இல் ஜார்ஜ் பாரி என்பவரோடு கூடித் தாய் பட்டுக் கம்பெனியை நிறுவினார். முதல் 25,000 அமெரிக்க டாலர். கூட்டாளிகள் இருவரும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் பங்கு கொண்டனர்; எஞ்சிய அறுபத்து நான்கு பங்கும் தாய்லாந்தினருக்கும் பிறர்க்கும் விற்கப்பட்டன.

அவர் செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவது சாயம். பட்டை, வேர், இலை முதலியவற்றால் ஏற்றிய பழஞ்சாயம் கண்ணுக்கு இனிது, ஆனால் மங்கிவிடும், ஒரு முறை வந்த நிறம் மறுமுறை வராது. அயல்நாட்டிலிருந்து நூறு கெசம் வேண்டுமென்று கேட்பவன், முதற் கெசமும் நூறாவது கெசமும் ஒரே நிறமாயிருக்க வேண்டும் என்பான். ஆதலின் சுவிட்சர்லாந்தின் வெளுக்காத சாயங்களைத் தாம்ஸன் வரவழைத்தார். நிறங்களை இணைப்பதில் தம் கண்ணையே நம்பினார். தாய்லாந்துக் கோயில்களிலும் பழந்துணிகளிலும் கண்ட துணிவான நிறக்கலப்புகளைப் புதுத்துணிக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவது தறி. பழைய கைத்தறிக்கு மாற்றாகக் காலால் இயக்கும் விரைவான தறிகள் வந்தன. உடைக்கு மட்டுமன்றித் திரைச்சீலைக்கும் இருக்கை உறைக்கும் உதவும் கனமான துணிகளும் நெய்யப்பட்டன. ஆனால் நூலின் மேடுபள்ளத்தை அவர் போக்கவில்லை. அதனைக் குறையெனக் கருதி ஆலை நூலால் சமப்படுத்தியிருந்தால், அத்துணிக்கும் உலகின் மற்றப் பட்டுக்கும் வேற்றுமை இராது. திருத்த வேண்டியது எது, தொடாமல் விட வேண்டியது எது என்று பிரித்தறிவதே ஆலோசகனின் அறிவு. காஞ்சியிலும் ஆரணியிலும் கைத்தறியின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர்க்கு இது ஒரு பாடமாகும்.

மூன்றாவதும் முதன்மையானதும் ஏற்பாடு. அவர் நெசவாளரைச் சாலைக்கு அழைக்கவில்லை. சாயமேற்றிய நூல் வீட்டுக்குச் சென்றது; நெய்த துணி கம்பெனிக்கு வந்தது; கூலி நெய்ததற்கேற்பத் தரப்பட்டது. நெய்தோரில் பெரும்பாலோர் பெண்டிர். பிள்ளையைத் தொட்டிலில் இட்டுவிட்டுத் தறியில் அமர முடிந்தது. தாம்ஸன் தாமே குடியிருப்புக்குச் சென்று, தறி தறியாகப் பார்த்துக் குறை கூறியும் நிறை பாராட்டியும் வந்தார். சேலத்திற் கைகூடாதது பான் குருவாவிற் கைகூடியமைக்கு இவ்வேற்பாடே காரணம் எனலாம்.

1951-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'அரசரும் நானும்' என்னும் இசை நாடகத்துக்கு உடை அமைத்த ஐரின் ஷராஃப், தாய்லாந்துப் பட்டைப் பயன்படுத்தினார். சயாம் மன்னரைப் பற்றிய அந்நாடகக் கதையைத் தாய்லாந்தார் விரும்பவில்லை. 1956-இல் வந்த அதன் திரைப்படம் அங்குத் தடை செய்யப்பட்டது. எனினும் மேடையில் மின்னிய பட்டு உலகெங்கும் பேசப்பட்டது. பாங்காக்குக்கு வரும் அயலார் அனைவரும் தாம்ஸனின் கடைக்கு வருவது வழக்கமாயிற்று. அவரைப் பார்த்துப் பிறரும் பட்டுக்கடை தொடங்கினர், தொழில் பெருகியது. தாய்லாந்து அரசு அவருக்கு வெள்ளையானை விருது அளித்துச் சிறப்பித்தது.

வீடும் விவாதமும்

கட்டடக்கலை பயின்ற கண் ஓயவில்லை. பழைய தாய்லாந்து மரவீடுகள் ஆறினைத் தேடி வாங்கிப் பிரித்துக் கொணர்ந்து, பான் குருவாவுக்கு எதிர்க்கரையில் ஒரே வீடாக இணைத்தார். 1959-இல் அங்குக் குடிபுகுந்தார். கால்வாயின் ஒரு கரையில் அவர் வீடு, மறுகரையில் தறிகள். இன்று அவ்வீடு அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் அருங்காட்சியகமாக உள்ளது.

அவ்வீட்டில் அவர் திரட்டிய சிலைகளால் பூசலும் எழுந்தது. 1962-இல் அரசின் நுண்கலைத் துறையினர் அவரிடமிருந்த சுண்ணக்கல் புத்தர் தலைகள் ஐந்தினை எடுத்துச் சென்றனர். அவை நாட்டின் சொத்து என்பது அவர்கள் வாதம். அழியாமற் காத்தேன் என்பது திரட்டுவோர் வாதம். ஒரு நாட்டின் பழம்பொருள் அயலாரின் அன்புக்கு உரியதாகலாம். உடைமையாகலாமா என்னும் வினா, செப்புத் திருமேனிகளைக் கடல் கடக்கவிட்ட தமிழர்க்கு நன்கு விளங்கும். தாம்ஸனைப் போற்றுவோர் இதனை மறைத்துவிடுதல் முறையன்று.

1967 மார்ச்சு 26

அறுபத்தோராம் ஆண்டு நிறைந்த சில நாட்களில், தாம்ஸன் ஓய்வுக்காகக் கேமரன் மலைக்கு வந்தார். சிங்கப்பூரைச் சேர்ந்த நண்பர் இணையரின் விருந்தினராய், காட்டோரத்துக் குன்றின்மேலிருந்த மூன்லைட் பங்களாவில் தங்கினார். சனிக்கிழமை நண்பரோடு காட்டுவழியில் நடந்தபோது இருவரும் சிறிது வழிதவறி, பின்னர் ஊரை அடைந்தனர். மறுநாள் ஞாயிறு, கிறித்தவரின் உயிர்த்தெழுதல் திருநாள். காலையில் கோயில் வழிபாடு; அதன்பின் பிரிஞ்சாங் மலைப்பக்கத்தில் உணவு. பிற்பகலில் திரும்பியதும் மற்றவர் கண்ணயர்ந்தனர். தாம்ஸன் வெளியே நடந்து சென்றார். மேற்சட்டை நாற்காலியிலேயே இருந்தது. சிகரெட்டும், நோய்க்காக உடன் வைத்திருந்த மாத்திரைகளும் அறையிலேயே இருந்தன. அவர் திரும்பவில்லை.

அன்று மாலையே தேடுதல் தொடங்கியது. போலீசாரும் படையினரும், காட்டின் தடமறிந்த ஒராங் அஸ்லி மக்களும், ஊராரும் பல நாட்கள் காட்டை அலசினர். வானிலிருந்தும் தேடினர். போமோ எனப்படும் மலாய் மந்திரவாதிகளும், அயல்நாட்டுக் குறிசொல்வோரும்கூட வந்தனர். பரிசும் அறிவிக்கப்பட்டது. துணியின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அதன்பின் எழுந்த ஊகங்களுக்கு எல்லையில்லை. புலி கொன்றது என்பர். பள்ளத்தில் வீழ்ந்தார் என்பர். பழைய உளவுப்பணி காரணமாகக் கடத்தப்பட்டார் என்பர். தாமே மறைந்துகொண்டார் என்பாரும் உளர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவிலிருந்த அவருடைய தமக்கையார் கொலையுண்டது ஊகங்களை மேலும் வளர்த்தது. 1974-இல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. எந்த ஊகத்துக்கும் இன்றுவரை உறுதியான சான்று இல்லை. சான்றில்லாத இடத்தில் வரலாறு நின்றுவிட வேண்டும், கதை நடக்கலாம்.

எதனை நினைவுகூர்வது?

தாம்ஸனைப் பற்றிய மதிப்பீட்டில் இரு மிகைகள் உள்ளன. சயாம் பட்டைத் தனியொருவராக உயிர்ப்பித்தவர் என்பது ஒரு மிகை. வடகிழக்குச் சயாமின் பெண்டிர் தறியை முற்றும் கைவிட்டதில்லை. பான் குருவாவில் நெய்யத் தெரிந்தோர் இல்லாதிருந்தால் தாம்ஸன் எடுத்துச் சென்ற மாதிரியே இராது. திறன் அவர்களுடையது, வழி அவருடையது. மற்றொரு மிகை, அவர் வணிகத்தை வெறும் ஆதாயம் என்று ஒதுக்குவது. ஏழை நெசவாளர் பல்லாயிரவர்க்கு அவர் முயற்சியால் பிழைப்பு உண்டாயிற்று என்பதை மறுத்தல் இயலாது. சிலப்பதிகாரம் காருகர் என்று நெசவாளரைப் பூம்புகாரின் சிறப்புடையோருள் வைத்து எண்ணுகிறது. அச்சிறப்பு அவர்களுக்கு நிலைக்க வேண்டுமாயின், நெய்த துணியை விலையறிந்து கொள்வோனிடம் சேர்ப்பவனும் வேண்டும்.

ஆயினும் ஒரு கணக்கு எஞ்சி நிற்கிறது. துணியில் தாம்ஸனின் பெயர் உள்ளது. நெய்தவரின் பெயர் இல்லை. கம்பெனி வளர்ந்தது, உற்பத்தி வடகிழக்கே பாக் தோங் சாய் பகுதிக்குப் பெயர்ந்தது. எல்லாம் தொடங்கிய பான் குருவாவில் இன்று தறியொலி கேட்கும் வீடுகள் மிகச் சிலவே. ஒருவரின் கண்ணையும் காலையும் நம்பி எழுந்த ஏற்பாடு, அவர் போனபின் அக்கரையினரை முன்போல் தாங்கவில்லை. ஆலோசகன் விட்டுச் செல்ல வேண்டியது தன் பெயரையன்று. தான் இல்லாமலும் நடக்கும் வழியை. இவ்வளவில் தாம்ஸனின் பணி பாதி வெற்றியே.

இக்கணக்கைத் தானா ராத்தாவிலும் பார்க்கலாம். அங்கே ஒருவர் காணாமற்போனார் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினர், நூல்கள் எழுதினர், இன்றும் எழுதுகின்றனர். ஓர் உயிருக்கு அத்தனை தேடல் தகும், அதில் ஐயமில்லை. ஆனால் அம்மலையின் சாலையிலும் சரிவிலும் உழைத்து மாய்ந்த தமிழரையோ, அம்மலை போன்ற தோட்டங்களிலிருந்து சயாம்ப் பாதைக்குச் சென்று மீளாதவரையோ தேடியவர் யாவர்? அவர்களும் காணாமற்போனவர்களே. வேற்றுமை ஒன்றுதான்: காட்டிற் காணாமற்போனவரை உலகம் தேடிற்று, ஏட்டிற் காணாமற்போனவரை எவரும் தேடவில்லை.

இத்தேடலைத் தொடங்கத் தகுந்தவர் தமிழாசிரியர்களே. முதன்முதலிற் கொழுந்து கிள்ளியோர் இன்று இல்லை. ஆனால் அவர்தம் மக்களுள் சிலர் முதியோராய் வாழ்கின்றனர். மலைத் தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளி மாணவரைக் கொண்டு, அம்முதியோர் நினைவிலிருக்கும் பெயர்களையும், வந்த ஊரையும், வந்த ஆண்டையும், செய்த வேலையையும், அதற்கு வழங்கிய சொற்களையும் எழுதி வைக்கலாம். பள்ளிப் பதிவேடும் கோயிற் கணக்கும் பழைய ஒளிப்படமும் அதற்குத் துணையாகும். ஒரு பள்ளி ஓராண்டில் ஐம்பது பெயர்களை மீட்டாலும், இதுவரை எழுதப்படாத ஒரு வரலாற்றுக்கு ஐம்பது வரிகள் கிடைத்தனவாகும்.

படையதிகாரி ஒருவர் தறியருகே சென்று அமர்ந்தார், நெய்வோரிடம் கேட்டார், அவர் அறிந்ததைத் தாம் அறிந்ததோடு இணைத்தார். ஜிம் தாம்ஸன் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அவர் மறைந்த மர்மம் அன்று. உழைப்போரிடம் சென்று கேட்கும் அம்முறையே.